வரிசையில் நிற்கத் தெரிந்த குடும்பங்கள்: தீம் பார்க் விடுமுறை யாருக்கு ஒத்துவரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தீம் பார்க்குக்கு என் அக்கா குடும்பமும் எங்கள் குடும்பமும் சேர்ந்து போயிருந்தோம். ஒரே நேரத்தில் வாசலில் நுழைந்தோம், ஒரே ரைடுகளில் ஏறினோம், ஒரே வரிசைகளில் முன்னும் பின்னுமாக நின்றோம், இரவில் ஒரே வாணவேடிக்கையைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்பினோம். மறுநாள் காலையில் அக்கா, அடுத்த முறை மூன்று நாளாவது தங்க வேண்டும் என்றாள். என் கணவரோ இனி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன் என்றார்.

அந்த நாளைப் பிறகு பலமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ரைடுகளில் எங்களுக்குள் பெரிய வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. உண்மையில் என் மகன்தான் அக்கா பிள்ளைகளைவிட உரக்கக் கத்திச் சிரித்தான். நாங்கள் பிரிந்த இடம் வரிசை. ஐம்பது நிமிடம் ஆகும் என்று பலகையில் போட்டிருந்த ஒரு வரிசையில், எங்களுக்கு ஒரு வளைவு முன்னால் நின்ற அக்கா வீட்டார் ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து அடுத்து வருகிறவர் என்ன நிறத் தொப்பி போட்டிருப்பார் என்று ஆளுக்கொரு ஊகம் சொல்ல வேண்டும்; தோற்றவர் அடுத்த வளைவு வரை எல்லோருடைய பைகளையும் சுமக்க வேண்டும். அத்தான் தொடர்ந்து மூன்று முறை தோற்று, கழுத்தில் இரண்டும் கையில் இரண்டுமாகப் பைகளை மாட்டிக்கொண்டு நின்றார். எங்கள் பக்கத்தில் நான் வரைபடத்தை விரிப்பதும் மடிப்பதுமாக இருந்தேன். கணவர் அலுவலக மின்னஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் ஒவ்வொரு தடுப்புக் கம்பத்தைத் தாண்டும்போதும் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டான். மகள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தீம் பார்க் விடுமுறை பிடிக்காததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் செலவு, கூட்டம், வெயில், செயற்கைத்தனம் ஆகியவை. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஆனால் இந்த விடுமுறையைக் கொண்டாடும் குடும்பங்களும் அதே செலவைச் செய்து, அதே கூட்டத்தில் இடிபட்டு, அதே வெயிலில்தான் நிற்கின்றன என்பதால், இரு தரப்புக்கும் பொதுவான ஒன்றைக் கொண்டு அவர்களுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்கிவிட முடியாது. தீம் பார்க்குக்குப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நாம் சேர்ந்து சும்மா நிற்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். உடல்வாகு, சுபாவம், திட்டமிடுகிறவர் யார் என்பன எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

இது மிகையாகத் தோன்றினால் ஒரு நாளின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காலை 9 மணிக்கு நுழைந்து இரவு 9 மணிக்கு வெளியேறும் ஒரு குடும்பம், கூட்டம் மிகுந்த நாளில் 9 ரைடுகளில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ரைடு ஒன்றுக்கு 4 நிமிடம் என்றால் மொத்தம் 36 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் வரிசையில் நின்றால் அதற்கு மட்டும் 6 மணி நேரம். எஞ்சிய ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம் நடப்பதிலும் சாப்பிடுவதிலும் கழிப்பறையைத் தேடுவதிலும் கழியும். சில ரைடுகளில் இந்த விகிதம் இன்னும் மோசம். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2005-இல் திறக்கப்பட்டு 2024-இல் மூடப்பட்ட கிங்டா கா, 139 மீட்டர் உயரத்துடன் உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டராக விளங்கியது. மணிக்கணக்கில் காத்திருந்து அதில் ஏறியவர்களுக்கும் பயணம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆக, ஒரு குடும்பம் தன் நாளில் பாதியைச் செலவிடுவது காத்திருப்பில். அந்தப் பாதி எப்படிக் கழிகிறதோ அப்படித்தான் அந்த நாளும் கழியும்.

காத்திருப்பின் நீளம் கடிகாரத்தில் ஒன்றாகவும் மனத்தில் வேறாகவும் இருப்பதை டேவிட் மெய்ஸ்டர் என்ற மேலாண்மை ஆய்வாளர் 1985-இல் விரிவாக எழுதினார். கைக்கு வேலையில்லாமல் காத்திருக்கும் நேரம் நீளமாகத் தெரியும்; எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும்; ஏன் தாமதம் என்று சொல்லப்படாததும், நியாயமில்லாததாகத் தோன்றுவதும் இன்னும் நீளும்; தனியாகக் காத்திருப்பது கூட்டாகக் காத்திருப்பதைவிட நீளும் என்பன அவர் சொன்னவற்றுள் சில. பெரிய பூங்காக்கள் இவற்றுள் முதல் மூன்றையும் நன்றாகவே கையாளுகின்றன. வரிசையின் முழு நீளமும் ஒரே பார்வையில் தெரியாதபடி வளைத்து வளைத்து விடுகிறார்கள், வழியெங்கும் பார்ப்பதற்கும் தொடுவதற்கும் ஏதாவது வைக்கிறார்கள், காத்திருப்பு நேரத்தைப் பலகையில் காட்டுகிறார்கள், ஏறுவதற்குச் சற்று முன்னால் ஓர் அறையில் நிறுத்திக் கதையின் தொடக்கத்தைச் சொல்லி, ரைடு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்ற உணர்வைத் தருகிறார்கள். ஆனால் கடைசியாகச் சொன்னதைப் பூங்காவால் கையாள முடியாது. நான்கு பேர் ஒட்டி நின்றும் அன்று நாங்கள் நான்கு தனியாட்களாகவே காத்திருந்தோம். அக்கா வீட்டார் ஐந்து பேரும் ஒன்றாகக் காத்திருந்தார்கள்.

நியாயம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த கால் நூற்றாண்டில் வரிசையின் தன்மையே மாறியிருக்கிறது. டிஸ்னி பூங்காக்கள் 1999-இல், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு சீட்டு எடுத்துக்கொண்டு திரும்பி வந்து குறுகிய வரிசையில் நுழையும் முறையைக் கட்டணமின்றி அறிமுகப்படுத்தின. 2021-இல் அமெரிக்க டிஸ்னி பூங்காக்களில் அதன் இடத்தைக் கட்டண வரிசை எடுத்துக்கொண்டது. யுனிவர்சல் பூங்காக்களிலும் கூடுதல் பணம் கட்டி விரைவு வரிசையில் செல்லும் வசதி நீண்ட காலமாக இருக்கிறது. இதனால் இப்போது ஒரே ரைடுக்கு இரண்டு வரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. ஒன்று நகர்கிறது, ஒன்று நிற்கிறது. பணம் கட்டி முந்திப் போவதைச் சில குடும்பங்கள் புத்திசாலித்தனமான செலவாகக் கருதும். சில குடும்பங்களுக்கு எந்த வரிசையில் நின்றாலும் உறுத்தும், நகரும் வரிசையில் நின்றால் குற்ற உணர்வு, நிற்கும் வரிசையில் நின்றால் எரிச்சல். அவர்கள் மட்டும் ஏன் போகிறார்கள் என்று ஆறு வயதுப் பிள்ளை கேட்டால் பதில் சொல்வது எளிதாக இல்லை. நான் சொன்ன பதிலில் எனக்கே திருப்தி இல்லை. இந்த உறுத்தல் உள்ளவர்கள் கட்டண வரிசை உள்ள பூங்காவுக்குக் கூட்டம் மிகுந்த நாளில் போகாமலிருப்பது நல்லது. மேலும், கட்டண வரிசை காத்திருப்பைக் குறைத்தாலும் கடிகாரத்தைக் கையில் கட்டிவிடுகிறது. 11.20-க்கு அங்கே, 12.05-க்கு இங்கே என்று ஓட வேண்டிவரும்போது, நின்று களைத்ததற்குப் பதிலாக ஓடிக் களைக்கிறோம்.

அடுத்து உடல். டிஸ்னிலேண்ட் தோன்றிய கதை இங்கே பொருத்தமானது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கிரிஃபித் பூங்காவில் தம் இரு மகள்களும் ராட்டினக் குதிரையில் சுற்றுவதை ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் தமக்குத் தோன்றியதாக வால்ட் டிஸ்னி பிற்காலத்தில் சொன்னார். 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் திறக்கப்பட்ட பூங்கா அந்த எண்ணத்தின் விளைவு. அதாவது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை எழுப்பி ரைடில் ஏற்றுவதற்காகவே இந்த வகைப் பூங்கா பிறந்தது. ஆனால் ரைடுகளின் வேகமும் உயரமும் கூடக் கூட, அந்தப் பெஞ்ச் திரும்ப வந்துவிட்டது. இன்று எந்தப் பெரிய பூங்காவிலும் ரோலர் கோஸ்டரின் வெளிவாசலுக்கு அருகே, மடியில் பைகளும் கையில் ஒரு குழந்தையும் வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார் என்றால், சேர்ந்து மகிழ வந்த குடும்பம் அந்த ஒரு மணி நேரம் இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்று பொருள்.

பிரிப்பது பெரும்பாலும் உயரக் கோடுதான்; அதை எட்டாத பிள்ளையை அந்த ரைடில் ஏற்ற மாட்டார்கள். அமெரிக்கப் பூங்காக்களில் 40, 44, 48 அங்குலம், அதாவது ஏறக்குறைய 102, 112, 122 சென்டிமீட்டர் என்ற எல்லைகளை அடிக்கடி காணலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதில் சராசரி உயரம் சுமார் 103 சென்டிமீட்டர், ஐந்து வயதில் சுமார் 110, ஏழு வயதில் சுமார் 121. எனவே நான்கிலிருந்து ஏழு வயது வரையுள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், பூங்காவின் வரைபடத்தில் பாதி அதற்குத் திறந்தும் பாதி மூடியும் கிடக்கும். மூத்ததும் இளையதும் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் நின்றால் நாள் முழுவதும் பிரிவுதான்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு ரைடின் வரிசை வாசலில் நின்ற பணியாளர் அவளை அளவுக்கோலோடு நிறுத்திப் பார்த்து, சரி, போகலாம் என்று கையசைத்தார். நாற்பது நிமிடம் நின்று ஏறுமிடத்துக்கு வந்தபோது அங்கிருந்த இன்னொருவர் மறுபடியும் அளந்தார். அவள் குதிகால்களைச் சேர்த்து, முகவாயை உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உச்சந்தலைக்கும் கட்டைக்கும் நடுவில் அவர் தம் விரலை நுழைத்துக் காட்டினார்; ஒரு விரல் அளவு இடைவெளி. பாதுகாப்பு விதி என்பதால் வாதாட ஒன்றுமில்லை, அவர் செய்தது சரிதான். முதலில் அளந்தவர்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளைக் கையைப் பிடித்து, ஏறாதவர்கள் வெளியேறும் பக்கவாட்டுக் கதவு வழியாக அழைத்து வந்த அந்த இருபதடி நடை எங்கள் வீட்டின் தீம் பார்க் நினைவுகளில் வாணவேடிக்கைக்கு முன்னால் நிற்கிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: சின்னப் பிள்ளையுடன் ஒரு பெரியவர் வெளியே நிற்க, மற்றவர் ஏறி இறங்கியதும், இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் மாற்று முறை பல பெரிய பூங்காக்களில் உண்டு. வாசலிலேயே கேட்க வேண்டும், தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

உயரம் போதுமானவர்களுக்கும் உள்காது ஒத்துழைக்க வேண்டும். உடல் அசைகிறதா, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்காதில் உள்ள சமநிலை உறுப்புகள் மூளைக்குச் சொல்கின்றன; கண்ணும் தனியாகச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது குமட்டலும் தலைசுற்றலும் வருகின்றன. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். பூங்காக்கள் முக்கியமாகக் குறிவைப்பதும் ஏறத்தாழ இதே வயதினரைத்தான் என்பது வேடிக்கையான பொருத்தம். ரோலர் கோஸ்டரைவிட, பெரிய திரையில் பறப்பதுபோலக் காட்டி இருக்கையை மட்டும் சற்றே ஆட்டும் ரைடுகள் சிலரை அதிகம் வாட்டும், ஏனென்றால் அங்கே கண் காண்பதற்கும் உடல் உணர்வதற்கும் இடையில் முரண்பாடு பெரிது. காரின் பின் இருக்கையில் ஒரு மணி நேரம் புத்தகம் படித்துக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பிரச்சினை இராது. அரை மணியில் கண்ணாடியை இறக்கச் சொல்லும் பிள்ளைக்குப் பூங்காவின் பாதி ரைடுகள் தண்டனைதான்.

சுபாவத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மார்வின் சக்கர்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1964-லேயே, புதிய, தீவிரமான அனுபவங்களை நாடும் இயல்பு மனிதர்களிடம் எந்த அளவில் இருக்கிறது என்பதை அளக்க ஒரு வினாத்தாளை உருவாக்கினார். சிலருக்கு அது மிகுதி, சிலருக்குக் குறைவு, இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும். பயப்படுகிற பிள்ளையைப் பயம் தெளியட்டும் என்று பிடித்து ஏற்றுவது மட்டும் வேண்டாம். அழுதுகொண்டே இறங்கிய பிள்ளை மீதமுள்ள எட்டு மணி நேரமும் ஒவ்வொரு வாசலிலும் அடம்பிடிக்கும். சத்தமும் ஒளியும் நெரிசலும் தாங்க முடியாத, குறிப்பாக ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் நிலை வேறு. அவர்களுக்குப் பூங்காவே கூடாது என்று முன்பு எளிதாகச் சொல்லிவிடுவார்கள். 2018-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்கு அருகில் உள்ள செசமி பிளேஸ், ஆட்டிசம் தொடர்பான பயிற்சியும் சான்றிதழும் பெற்ற முதல் தீம் பார்க் ஆனது. ஒவ்வொரு ரைடிலும் சத்தம், ஒளி, தொடுதல் எந்த அளவுக்கு இருக்கும் என்ற வழிகாட்டியும் ஒதுங்கி இருக்க அமைதியான அறைகளும் அதன் ஏற்பாடுகளில் அடங்கும். இத்தகைய குடும்பங்கள் பூங்காவைத் தேர்ந்தெடுக்கும்போது ரைடுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பது நல்லது.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு காரணம். தீம் பார்க் என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்ட நாள். எங்கே திரும்பினாலும் என்ன தெரிய வேண்டும், எந்த இடத்தில் என்ன இசை கேட்க வேண்டும் என்பதுவரை யாரோ யோசித்து வைத்திருக்கிறார்கள். வேலையிலும் வீட்டிலும் நாள் முழுவதும் முடிவெடுத்துக் களைத்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. உள்ளே வந்துவிட்டால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேறு சிலருக்கு விடுமுறை என்றாலே கால்போன போக்கில் நடப்பதும், பிடித்த இடத்தில் நின்றுவிடுவதும், மதியம் என்ன செய்யலாம் என்று மதியம் யோசிப்பதும்தான். அவர்களைப் பூங்கா மூச்சுமுட்ட வைக்கும். என் கணவர் இந்த இரண்டாவது வகை. அவர் கடற்கரையில் நான்கு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார், அலுக்காது. வரிசையில் நாற்பது நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்பது அவரால் முடியவில்லை. இரண்டும் சும்மா இருப்பதுதானே என்று கேட்டேன். கடற்கரையில் எழுந்து போக முடியும் என்றார்.

இந்த விடுதலையும் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. பெரிய பூங்காக்களில், குறிப்பாகப் பல பூங்காக்களும் விடுதிகளும் சேர்ந்த இடங்களில், மற்றவர்கள் யோசிக்காமல் இருப்பதற்காகக் குடும்பத்தில் ஒருவர் மாதக்கணக்கில் யோசிக்கிறார். 1971-இல் புளோரிடாவில் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி வேர்ல்டு சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் நான்கு தீம் பார்க்குகளையும் இரண்டு நீர்ப் பூங்காக்களையும் கொண்டது. அங்கே எந்த நாளில் எந்தப் பூங்கா, எந்த நேரத்துக்கு எந்த முன்பதிவு என்பதே தனிப் படிப்பு. நாள் பிறந்ததும் செயலியைத் திறந்து, இரவு படுக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவருக்கு விடுமுறை கிடைக்கவே இல்லை. அந்த வேலையை விரும்பிச் செய்பவர் ஒருவர் வீட்டில் இருந்தால் (அக்கா அப்படி, நிற அட்டைகளோடு பட்டியல் போடுவாள்) அந்தக் குடும்பம் பூங்காவைக் கொண்டாடும். கடமைக்குச் செய்பவர் இருந்தால், மூன்றாம் நாள் மாலை அவருடைய குரல் மாறிவிடும்.

போய்வந்த பிறகு தரப்படும் தீர்ப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் 60 வினாடி கையை வைத்திருப்பது ஒரு முறையும், அதே 60 வினாடியுடன் நீரின் குளிர்ச்சியைச் சற்றே குறைத்து இன்னும் 30 வினாடி வைத்திருப்பது இன்னொரு முறையுமாகச் செய்யச் சொன்னார்கள். மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவத்தின் மொத்த நேரத்தைவிட அதன் உச்சமும் முடிவுமே நினைவில் நிற்கின்றன என்பது அவர்களின் விளக்கம். பூங்காக்கள் வாணவேடிக்கையை இரவின் கடைசியில் வைப்பது வீணாக இல்லை. ஆறு மணி நேர வரிசை நினைவிலிருந்து கழன்றுவிட, ஒரு ரோலர் கோஸ்டரும் ஒரு வாணவேடிக்கையும் அந்த நாள் ஆகிவிடுகின்றன. முடிவு கெட்டால் இதே கணக்கு எதிராகத் திரும்பும்: தூங்கிப்போன குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாகன நிறுத்தத்தில் தன் காரைத் தேடி அலைந்தவருக்கு அதுதான் அந்த நாள். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் வாணவேடிக்கையை விட்டுவிட்டு மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியேறிவிடுவது, கொடுத்த பணத்துக்கு நட்டம்போலத் தோன்றினாலும், லாபம்தான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு தேர்வுகளைப் பார்க்கலாம். நான்கைந்து நாள் பூங்காவிலேயே தங்குவது, பிள்ளைகள் எல்லோரும் உயரக் கோட்டைத் தாண்டிய, வரிசையில் பேசிச் சிரிக்கத் தெரிந்த, திட்டமிடுவதில் இன்பம் காணும் ஒருவர் உள்ள குடும்பத்துக்கு ஏற்றது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு குறைந்தால் வேண்டாம் என்பேன். இதில் ஒரு வசதி உண்டு: நாள்கள் அதிகம் இருப்பதால் அவசரம் குறைகிறது, மதியம் அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு மாலையில் வரலாம், ஒரு ரைடு பழுதானால் நாளைக்குப் பார்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட நினைப்பவர்களைவிட இவர்கள் நிதானமாக இருப்பதைக் கவனித்திருக்கிறேன்.

வேறொரு விடுமுறையின் நடுவில் ஒரே ஒரு நாள் பூங்கா என்பதுதான் பெரும்பாலோர் இயல்பாக எடுக்கும் முடிவு. பார்வைக்கு இது நடுநிலைபோல் தெரிந்தாலும், என் அனுபவத்தில் சண்டை அதிகம் வருவது இங்கேதான். ஒரே நாள் என்பதால் கொடுத்த பணத்துக்கு முழுப் பலனும் இன்றே கிடைத்தாக வேண்டும் என்ற நெருக்கடி காலையிலேயே தொற்றிக்கொள்கிறது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் முதல்நாள் இரவே ஆளுக்கு ஒரு ரைடு என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த நான்கோ ஐந்தோ முடிந்ததும் மற்றதெல்லாம் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறை இல்லாத வார நாளில் போக முடிந்தால் இந்தத் தேர்வின் குணமே மாறிவிடும். கூட்டமில்லாத பூங்கா கிட்டத்தட்ட வேறு இடம்.

பூங்கா என்றதும் மாபெரும் ரோலர் கோஸ்டர்கள் மட்டுமே நினைவுக்கு வருவதால் மூன்றாவது வழி பலருக்குத் தோன்றுவதில்லை: ரைடுகளைவிடத் தோட்டமும் நடையும் முக்கியமாக உள்ள பழைய வகைப் பூங்காக்கள். கோபன்ஹேகனில் 1843-இல் திறக்கப்பட்ட டிவோலி, நகரின் நடுவே மரங்களும் குளமும் விளக்குகளும் இசை மேடைகளும் கொண்ட தோட்டம்; அங்கே 1914-இல் அமைத்த மர ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது, அதில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்காளர் பயணிகளோடு சேர்ந்தே போகிறார். நெதர்லாந்தில் 1952-இல் தொடங்கிய எஃப்டெலிங், காட்டுப் பாதையில் நடந்துகொண்டே தேவதைக் கதைக் காட்சிகளைப் பார்க்கும் இடமாகத் தொடங்கியது. பெரிய ரைடுகள் பிறகு வந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ரைடே ஏறாத தாத்தாவும் பாட்டியும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அது தண்டனையாக இராது. தீம் பார்க் பிடிக்காது என்று சொல்லும் குடும்பங்களில் கணிசமானவர்களுக்குப் பிடிக்காதது வரிசையும் வேகமும்தான். தோட்டத்தோடு சேர்ந்த பூங்காவை அவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

பூங்காவே வேண்டாம், கடலோ மலையோ போதும் என்பதும் நேர்மையான தேர்வு, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு ஓய்வாக இருப்பது பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் சலிப்பாக இருக்கும், அப்போது அந்தச் சலிப்பைப் போக்கும் பொறுப்பு பூங்காவிடமிருந்து பெற்றோரிடம் வந்து சேர்கிறது. மலை வீட்டில் மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டால் வரிசையைவிட நீண்ட காத்திருப்பை வீட்டுக்குள்ளேயே பார்க்கலாம்.

எனக்கு இப்போது பிடித்திருப்பது பிரிந்து போவது. குடும்ப விடுமுறை என்றால் எல்லோரும் எல்லா நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணத்தைச் சற்றுத் தளர்த்தினால், விருப்பமுள்ள இருவர் பூங்காவுக்குப் போக, மற்ற இருவர் பக்கத்து ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவில் சந்திக்கலாம். எண்ணிக்கை குறைந்தால் பூங்காவுக்குள்ளும் வேகம் கூடும். தனித்தனியாக உட்காரச் சம்மதிப்பவர்களுக்கென்று சில பூங்காக்களில் உள்ள தனியாள் வரிசை பொதுவரிசையைவிடப் பெரும்பாலும் விரைவாக நகரும். இதை முதலில் சொன்னபோது வீட்டில் யாருக்கும் ஒப்பவில்லை, அப்படிப் போவதற்கு எதற்குக் குடும்பத்தோடு விடுமுறை என்று கேட்டார்கள். ஆனால் வரிசையில் நான்கு கைபேசிகளாக நின்ற நாளைவிட, இரவில் ஆளுக்கொரு கதையோடு ஒரே மேசையைச் சுற்றி உட்காரும் நாளில் நாங்கள் அதிகம் பேசுவோம் என்பது என் எண்ணம்.

வரும் விடுமுறைக்கு அக்கா குடும்பம் பூங்கா விடுதியில் நான்கு நாளுக்கு முன்பதிவு செய்துவிட்டது. நாங்கள் அதே ஊரில் கடலோரமாக ஒரு வீடு எடுத்திருக்கிறோம். நானும் மகனும் அவர்களோடு ஒரு நாள் பூங்காவுக்குப் போகிறோம், வார நாளில். கணவர் எழுந்து போக முடிகிற இடத்தில் உட்கார்ந்திருப்பார். மகள் எந்தப் பக்கம் என்பது இன்னும் முடிவாகவில்லை. அவள் ஏற விரும்பும் ரைடுக்கு 122 சென்டிமீட்டர் வேண்டும், போன வாரம் கதவு நிலையில் நிறுத்தி அளந்தபோது 120-தான் இருந்தாள். பயணத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. இந்த முறை புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு முறை அளந்துவிட்டு, எட்டவில்லை என்றால் அவளிடம் அப்போதே சொல்லிவிடுவதாக இருக்கிறேன்.